முகம் கோணுவதும் கண் இமை சரிவதும்: மண்டையோட்டு நரம்புகள் காட்டும் அடையாளங்கள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆலயத்திற்கு வரும் அடியார் இறைவன் திருவுருவைக் கண்ணாரக் காண்பதும், மணியோசையைச் செவியாரக் கேட்பதும், சாம்பிராணியின் வாசனையை முகர்வதும், வாயாரப் பாடுவதும், பிரசாதத்தைச் சுவைப்பதும், சிரம் தாழ்த்தி வணங்குவதும் ஆகிய அனைத்தும் தலையில் உள்ள உறுப்புகளாலேயே நடைபெறுகின்றன. இவ்வுறுப்புகளை மூளையோடு நேராக இணைப்பவை பன்னிரண்டு சோடி நரம்புகளாகும். பாடநூல்களில் இவை மண்டையோட்டு நரம்புகள் எனப்படுகின்றன. முள்ளந்தண்டு வழியாகக் கைகால்களுக்குச் செல்லும் நரம்புகள் வேறு, இவை வேறு.

இந்த நரம்புகளில் ஒன்று செயலிழந்தால் அது பெரும்பாலும் முகத்திலேயே தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனை வேண்டாம், படம் பிடிக்கவும் வேண்டாம். பார்க்கத் தெரிந்தவர் பார்த்தாலே போதும். ஹட்டன் பகுதித் தோட்டங்களில் ஒருவர் காலையில் எழும்பியதும் வாய் ஒருபக்கம் கோணியிருந்தால் "பேய் அறைஞ்சிருச்சு" என்றோ "பனிக்காத்து பட்டிருச்சு" என்றோ சொல்வது இன்றும் உண்டு. அப்படிப்பட்டவரை வீட்டார் முதலில் கோயிலுக்கே அழைத்து வருகிறார்கள். பூசாரியார் திருநீறு இடுகிறார், வேப்பிலை அடிக்கிறார், மூன்று நாள் வரச் சொல்கிறார். இறைவனிடம் வருவதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் முடியட்டும், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்துவிடுவதில்தான் கேடு இருக்கிறது. ஏனெனில், முகநரம்பு வாதத்திற்கு மருந்து நன்கு வேலை செய்வது அந்த முதல் மூன்று நாட்களில்தான்.

பன்னிரண்டு சோடி

ஜெர்மனியைச் சேர்ந்த சோமரிங் என்னும் உடற்கூற்று அறிஞர் 1778 ஆம் ஆண்டில் இந்நரம்புகளைப் பன்னிரண்டு சோடி என வரிசைப்படுத்தினார். அந்த வரிசையே இன்றும் வழக்கில் உள்ளது. முதலாவது முகர்தலுக்கும் இரண்டாவது பார்வைக்கும் உரியவை. மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகிய மூன்றும் கண்விழியை அசைப்பவை. ஐந்தாவது முகத்தின் தொடுவுணர்ச்சிக்கும் மெல்லுவதற்கும் உரியது. ஏழாவது முகத்தசைகளை இயக்குகிறது. எட்டாவது கேட்டலையும் உடற்சமநிலையையும் பார்க்கிறது. ஒன்பதும் பத்தும் விழுங்குதல், குரல் என்பவற்றோடு தொடர்புடையவை. பதினொன்றாவது கழுத்தைத் திருப்பவும் தோளைத் தூக்கவும் உதவுகிறது. பன்னிரண்டாவது நாவை அசைக்கிறது. இவை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிக்கடி காணப்படுபவற்றை மட்டும் அறிந்து வைத்திருந்தால் போதுமானது.

முகவாதம்: நெற்றியைப் பாருங்கள்

ஏழாவது நரம்பின் வாதமே எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சேர் சார்ள்ஸ் பெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1821 ஆம் ஆண்டில் முகநரம்பைப் பற்றிய ஆய்வை வெளியிட்டமையால், காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதத்திற்கு இன்றும் "பெல் வாதம்" என்றே பெயர். ஓர் ஆண்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 பேருக்கு இது வருகிறது. எந்த வயதினருக்கும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

முதல் நாள் காதின் பின்புறம் வலி இருக்கலாம். அடுத்த நாள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒருபக்கக் கடைவாயால் வழியும். கண் மூடாது. கண்ணீர் வடியும், அல்லது கண் உலர்ந்து எரியும். சோறு கன்னத்திற்கும் பல்லுக்கும் நடுவில் தங்கும். நாவின் முன்பகுதியில் சுவை குறையும். சிலருக்கு அந்தப் பக்கக் காதில் சாதாரண சத்தமும் பெரிதாகக் கேட்கும். தப்பு அடிப்பதோ வெடிச் சத்தமோ தாங்க முடியாதிருக்கும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் நோய் என்று எண்ணி அங்கே எண்ணெய் தேய்ப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வலுவிழந்த பக்கத்தில் இழுத்துப் பிடிக்கத் தசை இல்லாமையால் நல்ல பக்கம் வாயைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. வாய் வலப்பக்கம் கோணியிருந்தால் வாதம் இடப்பக்கத்தில் உள்ளது.

அடுத்து மிக முக்கியமான சோதனை. நோயாளியைப் பார்த்து, "மேலே பாருங்கள், நெற்றியைச் சுருக்குங்கள்" என்று சொல்ல வேண்டும். பிறகு இரு கண்களையும் இறுக மூடச் சொல்ல வேண்டும். பெல் வாதத்தில் அந்தப் பக்க நெற்றியில் ஒரு சுருக்கமும் விழாது. திருநீற்றுப் பட்டை பாதி நெற்றியில் மடியும், மறுபாதியில் இட்டது இட்டபடி இருக்கும். கண்ணை மூட முயலும்போது கருவிழி மேல்நோக்கிச் சென்று வெள்ளை மட்டும் தெரியும். இதைக் கண்டு, சாமி வந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. கண்ணை மூடும்போது விழி மேலே போவது எல்லோருக்கும் இயல்பானதே. மற்றவர்களுக்கு இமை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பாரிசவாதத்தில் நிலைமை வேறு. அங்கே கோளாறு மூளையில் உள்ளது. நெற்றியின் மேல் தசைகளுக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதால், ஒருபக்கம் கெட்டாலும் மறுபக்கம் நெற்றியைக் காப்பாற்றிவிடும். ஆகவே நெற்றி இருபுறமும் சுருங்கும், கண் பெரும்பாலும் மூடும், வாய் மட்டும் தொங்கும். அதோடு அதே பக்கக் கை தளரும், கால் இழுக்கும், பேச்சுக் குழறும். மூளையின் அடித்தண்டில் அடைப்பு ஏற்பட்டால் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கக் கூடும் என்பதால், நெற்றி எப்படி இருந்தாலும், கைகால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, தள்ளாட்டமோ கூடவே இருந்தால் அதைப் பாரிசவாதமாகவே கொண்டு உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ மலைப்பாதையில் இறங்கி வரும் நேரமும் இதற்குள் அடங்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், நாட்டு வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்பதற்கு நேரமே இல்லை.

பெல் வாதத்தில் உயிராபத்து இல்லை. பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும் காலம் தாழ்த்தலாகாது. 2007 ஆம் ஆண்டு வெளியான ஸ்கொட்லாந்து ஆய்வு ஒன்றில், 72 மணித்தியாலத்துக்குள் பிரெட்னிசலோன் மாத்திரையைத் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 94 பேர் ஒன்பது மாதத்தில் முழுமையாகக் குணமடைந்தனர். அம்மாத்திரை கொடுக்கப்படாதவர்களுள் நூற்றுக்கு 82 பேரே அவ்வாறு குணமடைந்தனர். இரண்டுக்கும் உள்ள அந்தப் பன்னிரண்டு பேர் ஒன்பது மாதம் கழித்தும் முகம் முழுமையாகத் திரும்பாமல் இருக்க நேர்கிறது. கலியாணமாகாத ஒரு பிள்ளைக்கு அது எத்தகைய பாரம் என்பதைப் பெற்றோர் அறிவர். இம்மாத்திரை இரத்தத்தில் சீனியைக் கூட்டும் தன்மையது. எனவே பாமசியில் தாமாக வாங்கி விழுங்காமல் வைத்தியர் சொற்படியே எடுக்க வேண்டும்.

மூடாத கண்ணைக் காப்பது வீட்டார் பொறுப்பு. பகலில் வைத்தியர் தரும் கண்துளியை இட வேண்டும். இரவில் மருந்துக் களிம்பு இட்டு, இமையை மெல்ல மூடிப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். தேயிலை மலையில் காற்றிலும் தூசியிலும் வேலை செய்வோர் கண்ணாடி அணியாமல் போகலாகாது. இதைக் கவனிக்காமல் விட்டால் முகம் திரும்பினாலும் கருவிழியில் புண் வந்து பார்வை போய்விடும். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது, பச்சிலைச் சாற்றைக் கண்ணில் பிழிவது ஆகியவை அறவே கூடாதவை. காதுக்குள்ளோ காது மடலிலோ சிறு கொப்புளங்கள் இருந்தால் அது அக்கிக் கிருமியால் வந்த வேறுவகை. அதற்கு வேறு மருந்தும் சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கூடிவரும் முகவாதம் பெல் வாதம் அன்று. அதற்குக் கட்டி முதலிய காரணங்களைத் தேட வேண்டும்.

ஒன்று இரண்டாகத் தெரிந்தால்

கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளில் எது பழுதானாலும் இரட்டைப் பார்வை உண்டாகும். ஒரு கண்ணைப் பொத்தினால் இரட்டை மறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மறைந்தால் இரு விழிகளும் ஒன்றாக அசையவில்லை என்பது பொருள். பொத்திய பிறகும் இரட்டையாகவே தெரிந்தால் அது வெண்படலம் முதலிய கண்நோயாக இருக்கலாம்.

ஆறாவது நரம்பு கெட்டால் அந்தக் கண் வெளிப்புறம், அதாவது காதுப்பக்கம், திரும்பாது. தூரத்தில் வரும் பஸ் பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரியும். நான்காவது கெட்டால் பொருள் மேலும் கீழுமாக இரண்டாகும். கீழே பார்க்கும்போது அது இன்னும் மோசமாகும். கொழுந்துக் கூடையோடு படிக்கட்டில் இறங்கும் ஒரு பெண் எந்தப் படியில் கால் வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவார். தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு பார்ப்பார். வயது போய்விட்டது, கால் தளர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளில் திடீரென மாறுகண் விழுந்து, தலைவலியோ வாந்தியோ காய்ச்சலோ கழுத்து விறைப்போ சேர்ந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சு அங்கே உதவாது.

மூன்றாவது நரம்பின் வாதத்தில் மேலிமை முழுவதும் சரிந்து கண்ணை மூடிவிடும். விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தால் விழி கீழும் வெளியுமாகத் திரும்பியிருக்கும். இப்போது கண்ணின் நடுவிலுள்ள பாவையைப் பார்க்க வேண்டும். டோர்ச் வெளிச்சம் பட்டதும் அது சுருங்குகிறதா? நீரிழிவினால் வந்த வாதமாயின் பெரும்பாலும் பாவை மற்றக் கண்ணைப் போலவே இருக்கும், வெளிச்சத்திற்குச் சுருங்கும். சீனியைக் கட்டுப்படுத்தினால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் இமை தானே உயரும். பாவை விரிந்து, வெளிச்சத்திற்கு அசையாமல் இருந்து, கடுமையான தலைவலியும் இருந்தால், மூளையின் இரத்தக் குழாய் ஒன்று பலூன்போல் புடைத்து நரம்பை நெருக்குகிறது எனச் சந்தேகிக்க வேண்டும். அது எந்நேரமும் வெடிக்கக் கூடியது. இந்த ஒரு அடையாளத்திற்கு, இரவு பன்னிரண்டு மணியானாலும், காலை வரை காத்திருக்கலாகாது. பாவை நன்றாக இருப்பினும் வைத்தியரே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து மாலையானதும் இரு இமைகளும் சரிந்து, மெல்ல மெல்லத் தாடை களைத்துப் போகுமாயின் அது நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உள்ள வேறொரு நோய். அதற்கும் மருந்து உண்டு.

நாவும் தொண்டையும் தோளும்

நாவை நீட்டச் சொன்னால் நோயுற்ற பக்கம் சாயும். அண்ணாக்கு நல்ல பக்கம் இழுபடும். தேநீர் குடித்தால் மூக்கால் வரும், குரல் மூக்கடைத்தாற்போல் அல்லது கரகரப்பாக மாறும். விழுங்க முடியாதவருக்குக் கட்டாயப்படுத்திக் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்பதை மட்டும் வீட்டார் மறவாதிருக்க வேண்டும். கழுத்தில் நெறிக்கட்டி எடுத்தபின் ஒருவரால் தோளைத் தூக்க முடியாவிட்டால் அது பதினொன்றாம் நரம்பு பட்ட பாடாக இருக்கலாம். கூடை சுமப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல். ஒரு காது மட்டும் படிப்படியாகக் கேளாமற் போவதையும், முகத்தின் ஒருபாதி மரத்துப் போவதையும் அலட்சியம் செய்யலாகாது.

மலைநாட்டில் கண்டறியப்பட்டவை

இவ்வடையாளங்களை உற்றுநோக்கியதால் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற இரு கண்டுபிடிப்புகள் நமது மத்திய மலைநாட்டில் நிகழ்ந்தவை என்பது பலரும் அறியாத செய்தி. இரண்டிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் நிமல் சேனாநாயக்கவின் பங்கு உண்டு.

முதலாவது நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குக் கால்கள் செயலிழந்தன. இது தலை நரம்புகளைச் சேர்ந்ததன்று. கைகால் நரம்புகளைத் தாக்கியது. எனினும், அடையாளங்களைக் கவனிப்பதன் பெறுமதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி மலையகத்தில் வேறொன்று இல்லை. எல்லோரும் பெண்பிள்ளைகள், எல்லோரும் அண்மையில் வயதுக்கு வந்தவர்கள். ஏன் ஆண்பிள்ளைகளுக்கு வரவில்லை, ஏன் பெரியவர்களுக்கு வரவில்லை என்ற கேள்விக்கு விடை அடுப்படியில் இருந்தது. பெண் பெரியவளானதும் குச்சிலில் வைத்து, உடம்புக்குப் பலம் என்று நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது நம் வழக்கம் அல்லவா? அவ்விதம் கொடுத்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்னும் நரம்பு நஞ்சு கலந்திருந்தது. கனிய எண்ணெய் ஏற்றிய கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தமையால் அது கலந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் இதனை 1981 ஆம் ஆண்டில் "லான்செட்" இதழில் எழுதினர். பாசத்தோடு தாய் ஊற்றிக் கொடுத்த எண்ணெயே பிள்ளையின் காலை முடக்கியது. தாய்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கொள்கலனைக் கழுவாதவர் யாரோ, அவர் இதை அறிந்திருக்கவும் மாட்டார்.

இரண்டாவது தலை நரம்புகளைப் பற்றியதே. பூச்சிகொல்லி மருந்துகளில் ஒருவகை, சேதனப் பொசுபரசு வகை, உடலினுள் சென்றால் முதலில் எச்சில் வடியும், வியர்க்கும், வயிறு பிசையும், பாவை ஊசிமுனைபோல் சுருங்கும். சிகிச்சையால் இவை தணிந்தபின் நோயாளி எழுந்து பேசுவார். வீட்டார் நிம்மதி அடைவர். சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் இவ்வாறு முதற்கட்டம் தணிந்து, நஞ்சு உட்சென்றதிலிருந்து 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வாதம் கண்ட பத்துப் பேரை அவதானித்து, 1987 ஆம் ஆண்டில் "நியூ இங்கிலாந்து" மருத்துவ இதழில் எழுதினர். முகமும் கண்ணும் தளர்கின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிவதில்லை. தோளும் தொடையும் வலுவிழக்கின்றன. பின்பு மூச்சுத் தசைகளே நின்றுவிடுகின்றன. முதற்கட்டத்திற்கும், சில வாரம் கழித்து வரும் நரம்புக் கேட்டிற்கும் இடையில் வருவதால் இதற்கு இடைநிலை நோய்க்குறித் தொகுதி என்று அவர்கள் பெயரிட்டனர். இன்று எந்த நாட்டு வைத்திய மாணவரும் இதைப் படிக்கிறார்.

தவறுதலாலோ மனவேதனையாலோ மருந்து உட்கொண்டவர் இரண்டாம் நாள் தெளிந்துவிட்டார் என்பதற்காக, ஊர்வாய்க்கு அஞ்சித் துண்டு வெட்டித் தரும்படி வைத்தியரை நெருக்குவது எத்தகைய விபரீதம் என்பது இதனால் விளங்கும். வார்டில் இருந்தால் மூச்சு இயந்திரம் உயிரைத் தாங்கும். நாட்கள் செல்லத் தசைகள் தாமே வலுப்பெறும். லயத்துக் காம்பராவில் அதற்கு வழியில்லை. நோயாளி தலையைத் தூக்கச் சிரமப்பட்டாலோ, இமை சரிந்தாலோ, இருமக்கூட வலுவின்றி இருந்தாலோ பக்கத்தில் இருப்பவர் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

பாம்புக்கடியிலும் இதே வரிசைதான். கட்டுவிரியன், நல்லபாம்பு, இலங்கையில் கண்ணாடி விரியனும் கூட, கடித்தபின் நஞ்சேறியதை முதலில் காட்டுவது சரியும் இமைகளே. கட்டுவிரியன் உறங்குபவரைக் கடிப்பதால் கடிவாய் தெரியாமலும் வலி இல்லாமலும் இருக்கலாம். வன்னிப் பக்கம் உறவினர் வீடுகளுக்குச் சென்று தரையில் படுத்தவர், விடிந்ததும் வயிற்றுவலியோடு கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் தூக்கக் கலக்கம் என்று விடலாகாது.

வைத்தியரிடம் செல்லும்போது

தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினாலும், 2017 மே மாதம் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் சென்றாலும், நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பப்பட்டாலும், வைத்தியர் முதலில் கேட்பது "எப்போது தொடங்கியது?" என்பதே. "ரெண்டு மூணு நாளா" என்ற பதில் போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, முதலில் கண்ணா வாயா, அன்று முதல் கூடியதா குறைந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது. நோயாளியால் பேச இயலாதபோது அந்தத் தாளே பேசும். சீனிக்கும் பிரஷருக்கும் எடுக்கும் மாத்திரைகளையும், கிளினிக் கொப்பியையும் கொண்டு செல்ல வேண்டும். மருந்தடித்தவராயின் மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டு செல்ல வேண்டும். அத்தோடு தேசிய அடையாள அட்டையும் அவசியம். பதிவுக்காக மட்டுமல்ல, இமைச் சரிவோ முகக் கோணலோ புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்பதை வைத்தியர் அதிலுள்ள படத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்.